அச்சு சேரும் இடத்தில் ஒரு மூக்கு: ஹெனானிலிருந்து பெய்ஜிங் வரை

நவம்பர் 3, ஞாயிறு. ஜெங்ஜோ

விமான நிலையத்துக்கு வெளியே வரிசையாக நின்ற டாக்சிகளின் நம்பர் பிளேட்டில் முதல் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து ஓட்டுநரிடம் கேட்டேன். அந்த எழுத்து 'யூ', ஹெனான் மாகாணத்தின் சுருக்கப் பெயர் என்றார். அப்புறம் ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அந்த எழுத்தைத் தாளில் எழுதி, வலது பாதியை மட்டும் விரலால் சுற்றிக் காட்டி, கையை மூக்கிலிருந்து தொங்கவிட்டு ஆட்டினார். யானை!

மூவாயிரம் வருஷத்துக்கு முன் இந்தப் பக்கம் இன்றைவிட வெப்பமாக இருந்தது. காட்டு யானைகள் திரிந்தன. அப்போது இங்கே ஆண்ட ஷாங் வம்ச அரசர்கள் யானை வேட்டைக்குப் போனதை எலும்பில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். இன்று அந்த யானை நம்பர் பிளேட்டில் மட்டும் மிச்சம்.

நான் வந்ததும் விலங்குகளைப் பார்க்கத்தான், வெண்கல விலங்குகளை. கோவையில் பம்ப் பாடி வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் எனக்கு 19 வருஷ வேலை. இரண்டு வருஷம் முன்பு ஒரு ஷாங் காலப் பாத்திரத்தின் படம் கண்ணில் பட்டது. இரண்டு பெரிய கண், கொம்பு, கீழ்த்தாடை இல்லாத ஒரு மிருக முகம். முகத்தின் நட்டநடுவில் மூக்காக ஒரு மேடு. அந்த மேடு இரண்டு அச்சு சேரும் கோடு என்று பட்டது. அன்றிலிருந்து அதை நேரில் பார்க்காமல் மனசு அடங்கவில்லை. 8 நாள் லீவு போட்டு வந்துவிட்டேன்.

இரவு சாப்பாடு ஹுய்மியென். ஆட்டெலும்பு வேகவைத்த வெள்ளைச் சாறில் பட்டையான நூடுல்ஸ், 18 யுவான். நம் பணத்தில் இருநூறுக்குக் கொஞ்சம் மேல். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 4, திங்கள். ஜெங்ஜோ

ஹெனான் அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. நான் பார்த்துக்கொண்டு வரவில்லை. பூட்டிய வாசலில் நின்றபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு நாள் போனால் மொத்தப் பயணத்தில் எட்டில் ஒரு பங்கு.

பசியோடு பக்கத்துச் சந்தில் நுழைந்து ஹூலாதாங் குடித்தேன், 8 யுவான். மாட்டிறைச்சித் துண்டு, கோதுமைப் பசை, சேமியா எல்லாம் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய மிளகுச் சாறு. மேலே கொஞ்சம் வினிகர். முதல் வாயிலேயே மூக்கு திறந்துகொண்டது. சளி பிடித்த நாளில் அம்மா வைக்கும் மிளகு ரசம்தான் நினைவுக்கு வந்தது, அதைக் கூழ் பதத்துக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

மதியம் ஷாங் காலக் கோட்டைச் சுவருக்குப் போனேன். ஊரின் நடுவிலேயே இருக்கிறது. மண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்திக் கட்டியது, சுற்றளவு சுமார் 7 கிலோமீட்டர். 3,500 வருஷம் ஆகியும் பல இடங்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. அதன்மேல் மரங்கள், மரத்தடியில் சீட்டாட்டம், நடைப்பயிற்சி, பேரக்குழந்தைகள்.

ஒரு பாட்டி பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். எங்கிருந்து என்று கேட்டார், 'யிந்து' என்றேன். சீன மொழியில் இந்தியாவுக்கு அதுதான் பெயர், புரிந்துகொண்டார். தன் பையிலிருந்து இரண்டு பெர்சிமன் பழம் எடுத்து என் கையில் வைத்தார். தக்காளி போல ஆரஞ்சு நிறம், கல் மாதிரி கெட்டி. இப்போது சாப்பிடாதே, நாலைந்து நாள் போகட்டும் என்று சைகை செய்துவிட்டு, 'ஷி ஷி ரூ யீ' என்று இரண்டு தடவை சொன்னார். போனில் போட்டால் 'எல்லாம் நினைத்தபடி நடக்கும்' என்று வந்தது. பழத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. காசு நீட்டியதும் என் கையை மெதுவாகத் தட்டிவிட்டார்.

நவம்பர் 5, செவ்வாய். ஜெங்ஜோ

திறக்கும் நேரத்துக்கே போய்விட்டேன். பிரமிடு போன்ற கட்டடம். நுழைவு இலவசம், முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். பள்ளிக் குழந்தைகள் கூட்டம்.

நேராக ஃபூ ஹாவின் ஆந்தையிடம் போனேன். ஃபூ ஹாவ், ஷாங் அரசர் ஊ திங்கின் மனைவியரில் ஒருவர். 13,000 பேர் கொண்ட படையோடு போருக்குப் போனவர் என்று எலும்பு எழுத்துகள் சொல்கின்றன. 1976இல் அவர் கல்லறையைத் தோண்டியபோது 400க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. அவற்றில் ஒரு ஜோடி ஆந்தை வடிவ மதுக்குடம். ஒன்று இங்கே, இன்னொன்று பெய்ஜிங்கில்.

உயரம் ஒன்றரை அடிதான், எடை 16 கிலோவுக்கு மேல். ஆனால் அதன் முன் நின்றால் அது நம்மைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு தடித்த காலையும் வாலையும் தரையில் ஊன்றி, மார்பை நிமிர்த்தி நிற்கிறது. மூன்று புள்ளியில் நிற்பதால் தரை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஆடாது, முக்காலிக் கணக்கு. இறக்கையை நெருங்கிப் பார்த்தேன். இறகு என்று நினைத்தது சுருண்டு கிடக்கும் பாம்பு. அலகின்மேல் ஒரு சில்வண்டு. தலையின் பின்பாதிதான் மூடி, அதன்மேல் ஒரு சின்னப் பறவையும் ஒரு டிராகனும். சுற்றிப் பின்னால் போனால் வாலுக்கு மேலே இன்னொரு ஆந்தை, சிறகு விரித்துக் கிளம்பப் பார்க்கிறது. உள்சுவரில் 'ஃபூ ஹாவ்' என்ற பெயர்.

பிற்காலச் சீனத்தில் ஆந்தை கெட்ட சகுனம், தாயைத் தின்னும் பறவை என்றுகூடச் சொன்னார்கள். நம் ஊரிலும் கூரையில் ஆந்தை அலறினால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் ஷாங் காலத்தில் ஒரு படைத்தலைவியின் மதுவை ஊற்றி முன்னோருக்குப் படைத்தது இந்தப் பறவையில்தான். இருட்டில் பார்க்கிற கண், சத்தமில்லாமல் பாய்கிற நகம். போருக்குப் போகிறவள் வேறு எந்தப் பறவையைக் கேட்டிருப்பாள்?

மதியத்துக்கு மேல் என் தொழில் கண் விழித்துக்கொண்டது. ஷாங் கொல்லர்கள் மெழுகில் வேலை செய்யவில்லை. களிமண்ணில் மாதிரி செய்து, அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, துண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். அதுதான் வெளி அச்சு. மாதிரியைச் சுற்றிலும் சீவி இளைத்தால் அதுவே உள்ளே வைக்கும் கோர். கோருக்கும் அச்சுக்கும் இடையில் இடைவெளி மாறாமல் இருக்கச் சின்ன வெண்கலச் சில்லுகளைச் செருகினார்கள். இன்றும் நாங்கள் அதையே செய்கிறோம், சாப்லெட் என்கிறோம்! 'திங்' என்ற கால் வைத்த பாத்திரம் ஒன்றின் வயிற்றில் நிறம் மாறித் தெரிந்த சதுரப் பொட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஷெட்டில் நேற்று வைத்தது போலிருந்தது.

அச்சுத் துண்டுகள் சேரும் இடத்தில் உலோகம் கசிந்து பிசிறு வரும். நாங்கள் கிரைண்டரில் வைத்துத் தேய்த்துவிடுவோம். அவர்கள் தேய்ப்பதை விட்டு, சேர்க்கைக் கோட்டின் மேலேயே வேண்டுமென்றே ஒரு மேட்டை வடித்தார்கள். பல பாத்திரங்களில் அந்த மேடுதான் மிருக முகத்தின் மூக்கு. ஒரு கண் மேட்டின் இந்தப் பக்கம், ஒரு கண் அந்தப் பக்கம். வார்ப்பின் பலவீனமான இடத்தில் போய் ஒரு மிருகத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்கத்தான் வந்தேன்.

கிளம்பும் முன் இன்னும் இரண்டு, இரண்டும் ஷாங்குக்குப் பிந்தியவை. ஒன்று, 1923இல் ஷின்ஜெங்கில் கிடைத்த தாமரைக் கொக்குக் குடம். மூடி முழுக்கத் தாமரை இதழ், நடுவில் பறக்கத் தயாராக ஒரு கொக்கு. அடியில் நாக்கை நீட்டிய இரண்டு மிருகம் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது. இன்னொன்று ஷிச்சுவானில் 1978இல் தோண்டியெடுத்த மதுப் பலகை. அதன் விளிம்பைச் சுற்றி 12 மிருகங்கள் பலகையைப் பற்றிக்கொண்டு, நாக்கை நீட்டி ஏறுகின்றன. பின்னிய நூல் போல ஒன்றுக்குள் ஒன்று போகும் வெண்கலக் கம்பிகள். அச்சைத் துண்டாக்கி இதைச் செய்ய முடியாது. மெழுகு முறைதான், சுவாமிமலையில் நான் பார்த்த அதே முறை. அந்தப் பலகைக்குப் பெயர் 'ஜின்', அதாவது தடை. ஷாங் அரசு குடியால் அழிந்தது என்று அதை வென்ற ஜோ அரசர்கள் நம்பினார்கள். மதுப்பாத்திரம் வைக்கும் மேடைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

நவம்பர் 6, புதன். அன்யாங்

அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. மூடுபனியா புகையா என்று சொல்ல முடியாத வானம், காலையில் 6 டிகிரி. இரண்டு சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் காது உறைந்தது.

அன்யாங் ஷாங் வம்சத்தின் கடைசித் தலைநகரம். யின்ஷூ என்ற இந்த இடத்தில் 1928இலிருந்து தோண்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் திறந்த புதிய அருங்காட்சியகக் கட்டடமே ஒரு திங் போல, வெண்கல நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் திங் என்பது மூன்று அல்லது நான்கு கால் வைத்த பெரிய பாத்திரம். முன்னோருக்குக் கறி வேகவைக்க.

உள்ளே ஒரு மாட்டு வடிவ மதுக்குடத்தின் முன் நெடுநேரம் நின்றேன். யா சாங் என்ற படைத்தலைவனின் கல்லறையில் கிடைத்தது. பின்னால் வளைந்த கொம்பைப் பார்த்தால் காளையைவிட எருமைச் சாயல். நீளம் 40 சென்டிமீட்டர். உருண்டையாக, சாதுவாக, யாரையோ பார்த்துக் கத்தப் போவதுபோல் தலையைத் தூக்கி நிற்கிறது. ஆனால் அதன் வயிற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புலி. எருமையின் மேலே புலியைப் பொறித்தவனுக்கு என்ன எண்ணம் இருந்திருக்கும்? புலி எருமையைத் தின்கிறதா, எருமைக்குள் புலியின் பலம் புகுந்திருக்கிறதா? கல்லறைக்காரன் உடம்பில் பல வெட்டுக் காயங்கள், ஒரு கை இல்லை. கையின் வடிவில் வெண்கலத்தில் ஒன்று செய்து கூடவே புதைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபின் அந்த எருமை சாதுவாகத் தெரியவில்லை.

சாயந்திரம் போன் சார்ஜ் தீர்ந்துபோனது. பியென்ஃபென்சாய் என்ற உள்ளூர்ச் சாப்பாட்டை முடித்த பிறகுதான் தெரிந்தது, பணம் கட்ட வழியில்லை என்று. இங்கே எல்லாமே கியூஆர் கோடுதான். 100 யுவான் தாள் ஒன்று இருந்தது, கடைக்காரரிடம் சில்லறை இல்லை. அவர் கவலையே படவில்லை. போனை வாங்கிச் சார்ஜரில் மாட்டிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார். பட்டை சேமியா, டோஃபு, கீரை, பன்றி ரத்தக் கட்டி போட்ட சூடான குழம்பு. ரத்தம் நம் ஊர் ஆட்டு ரத்தப் பொரியலைவிட மென்மை, கிட்டத்தட்டப் பன்னீர். மொத்தம் 10 யுவான். இரண்டாவது கரண்டிக்கு வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர் 7, வியாழன். அன்யாங்

ஃபூ ஹாவின் கல்லறைக் குழிக்குள் படி இறங்கிப் பார்க்கலாம். வெளியே அவருடைய வெள்ளைச் சிலை, கையில் கோடரி. அந்தக் கல்லறையில் கிடைத்த நிஜக் கோடரியில் இரண்டு புலிகள் வாய் பிளந்து நிற்க, நடுவே ஒரு மனிதத் தலை.

இன்று அதிகம் பார்த்தது 'தாவ்தியே' என்று பெயர் வைத்த அந்த மிருக முகங்களைத்தான். அந்தப் பெயரே பின்னால் வந்தது. கிமு மூன்றாம் நூற்றாண்டு நூல் ஒன்று, ஜோ காலத் திங்குகளில் தாவ்தியே இருக்கிறது, அதற்குத் தலை உண்டு உடம்பு இல்லை, மனிதனை விழுங்கும் முன்பே அதன் உடம்புக்குக் கேடு வந்துவிட்டது என்கிறது. பல நூற்றாண்டு கழித்து, சோங் வம்ச காலப் பண்டிதர்கள் அந்தப் பெயரை எடுத்து ஷாங் பாத்திரங்களின் முகத்துக்கு வைத்தார்கள். பசித்துப் பசித்துத் தன் உடம்பையே தின்று முகம் மட்டும் மிஞ்சிய கீர்த்திமுகம் நம் கோயில் திருவாசியின் உச்சியில் இருக்கிறதே, அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல வரவில்லை. இரண்டு ஊரிலும் பசிக்கு ஒரே முகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு ஆறாம் வகுப்புப் பையன் எனக்கு ஒன்று காட்டிக் கொடுத்தான். கண்ணாடிப் பெட்டிமேல் கையை நிறுத்தி முகத்தின் வலது பாதியை மறைத்தான். மிச்சமிருந்த பாதி, பக்கவாட்டில் நிற்கும் ஒரு டிராகனாக மாறியது! ஒற்றைக் கண், திறந்த வாய், ஒரு கால், சுருண்ட வால். கையை எடுத்தால் இரண்டு டிராகன் மூக்கோடு மூக்கு உரசி ஒரே முகம். நானும் கையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அரை மணி நேரம். இரண்டு அச்சு, இரண்டு மிருகம். சேரும்போது மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. ஆறாயிரம் பம்ப் வார்த்தவனுக்கும் தோன்றாத யோசனை.

நவம்பர் 8, வெள்ளி. பெய்ஜிங்

மேற்கு நிலையத்தில் இறங்கி நேராகத் தேசிய அருங்காட்சியகம். வரிசை, சோதனை, மறுபடி வரிசை. முதுகுப் பையை ஸ்கேனரில் போட்டபோது மேலே வேறொரு பெட்டி விழுந்து, பாட்டி கொடுத்த பழங்களில் ஒன்று நசுங்கிவிட்டது. அருங்காட்சியகக் கழிப்பறையில் நின்று பையைக் கழுவினேன்.

ஹோமூவு திங்கின் முன் யாரும் சத்தமாகப் பேசவில்லை. உயரம் 133 சென்டிமீட்டர், எடை 832.84 கிலோ. ஷாங் அரசர் ஒருவர் தன் தாய்க்காகச் செய்தது. 1939இல் அன்யாங் பக்கம் வூகுவான் கிராமத்தில் தோண்டியெடுத்த விவசாயிகள், ஜப்பானியருக்குப் பயந்து மறுபடி புதைத்து வைத்தார்கள். ஒரு காது தொலைந்து, பின்னால் புதிதாகச் செய்து வைத்தது.

அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் முதலில் கேட்டது எடையைத்தான். ஒரே ஊற்றில் இவ்வளவு உலோகத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று அறிய. அவர் முகம் மலர்ந்து ஒரு கதை சொன்னார். கிமு 606இல் சூ நாட்டு அரசன், ஜோ அரசரின் ஒன்பது திங்குகளின் எடை என்ன என்று கேட்டான். அரியணைமேல் கண் வைத்தவன்தான் அப்படிக் கேட்பான். வாங்சுன் மான் என்ற தூதர், கனம் திங்கில் இல்லை, நல்லொழுக்கத்தில் இருக்கிறது என்று பதில் சொன்னார். அந்தப் பதிலிலேயே விலங்குகளுக்கும் விளக்கம் வருகிறது: பண்டைக் காலத்தில் திங்கில் பலவகை உருவங்களை வார்த்தார்கள், எது தீங்கு செய்யும் ஆவி என்று மக்கள் அடையாளம் தெரிந்துகொள்ள.

கைப்பிடியில் அதே இரண்டு புலி, நடுவே மனிதத் தலை. தொல்லியலாளர் கே.சி.சாங், விலங்குகள் மனிதனை மேலுலகத்தோடு பேசவைக்கும் துணைகள் என்று வாதிட்டார். வெறும் அலங்காரம், அர்த்தம் தேடாதே என்றவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தலையின் முகம்தான் சாட்சி. புலியின் பல்லுக்கிடையில் இருக்கிறது, அலறவில்லை. தின்னப்படுகிறவன் முகம் அப்படி இருக்காது.

ஃபூ ஹாவின் இரண்டாவது ஆந்தையையும் பார்த்தேன். ஜோடியைத் தனித்தனி ஊரில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நவம்பர் 9, சனி. பெய்ஜிங்

அரண்மனை நகரம். காற்று கன்னத்தை அறுத்தது, கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. உயர் இசைவு வாயிலின் முன் இரண்டு பெரிய வெண்கலச் சிங்கம். ஆண் பந்தின்மேல் கால் வைத்திருக்கிறது, பெண் குட்டியின்மேல். சிங்கம் வாழாத நாட்டில், பார்த்தறியாத கைகள் செய்த சிங்கங்கள். மண்டபத்தின் முன் ஆமையும் கொக்கும், இரண்டும் நீண்ட ஆயுளுக்கு. வயிறு காலி, உள்ளே சாம்பிராணி போட்டால் வாய்வழியாகப் புகை வரும்.

வேலை சுத்தமான வேலைதான். ஆனால் ஷாங் முகங்களைப் பார்த்த கண்ணுக்கு இவை சொன்னபடி உட்கார்ந்திருக்கும் விலங்குகளாகத் தெரிந்தன. 15 யுவானுக்கு ஒரு குச்சி தாங்ஹூலு, சர்க்கரைப் பாகில் தோய்த்த பழம், வாங்கித் தின்றுவிட்டுச் சீக்கிரமே அறைக்குத் திரும்பினேன்.

நவம்பர் 10, ஞாயிறு. பெய்ஜிங்

கோடை அரண்மனை. வெயில் வந்துவிட்டது, ஏரியில் காற்று இல்லை.

ரென்ஷோ மண்டபத்தின் முன் டிராகனும் ஃபீனிக்ஸும் ஜோடியாக நிற்கின்றன. வழக்கமாக நடுவில் டிராகன், ஓரத்தில் ஃபீனிக்ஸ். இங்கே ஃபீனிக்ஸ் உள்ளே, டிராகன் வெளியே. மகாராணி சிஷி ஆட்சி செய்த இடம் இது, வாசலிலேயே சொல்லிவிட்டார்.

லெஷோ மண்டபத்து முற்றத்தில் ஒரு மானும் கொக்கும் பெரிய குடுவையும். தன் பெற்றோருக்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண், நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினாள். 'ஷுஷு' என்று அழைத்தாள். அப்பாவின் தம்பியைக் கூப்பிடும் சொல், நம் சித்தப்பா. மான் 'லூ', ஆறு என்ற எண் 'லியு', ஒலி நெருக்கம். கொக்கு 'ஹ', சேர்க்கை என்பதும் 'ஹ'. குடுவை 'பிங்', அமைதியும் 'பிங்'. மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஆறு திசையிலும், அதாவது உலகம் முழுக்க, அமைதி. முற்றத்தில் நிற்பது சிலை வரிசை என்று நினைத்திருந்தேன். அது ஒரு வாக்கியம். நேற்று அரண்மனையில் அவசரப்பட்டுவிட்டேன். அந்த விலங்குகளைக் கண்ணால் மட்டும் பார்த்தேன், காதால் கேட்கவில்லை. ஷாங் விலங்குகளுக்கு இப்படி ஒலி வழி ஏதாவது இருந்திருந்தால், சொல்லித்தர அந்தப் பேச்சைப் பேசிய வாய்கள் இன்று இல்லை.

சட்டென்று பாட்டி நினைவு வந்து 'ஷி ஷி ரூ யீ' என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பெர்சிமனும் 'ஷி', காரியமும் 'ஷி', சித்தப்பா. இரண்டு பழம் கொடுத்தால் எல்லாக் காரியமும் கைகூடட்டும் என்று அர்த்தம். அதனால்தான் இரண்டு கொடுத்தார், ஒன்று மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

பதினேழு வளைவுப் பாலத்துக்குப் பக்கத்தில் வெண்கல மாடு படுத்திருக்கிறது. 1755இல் சியென்லொங் பேரரசர் வைத்தது, வெள்ளத்தை அடக்க. முதுகில் 80 எழுத்தில் பாட்டு. ஆறுகளை அடக்கிய யூ மன்னனின் இரும்பு மாட்டைச் சொல்லித் தொடங்குகிறது. காது விடைத்து, கழுத்தைத் திருப்பி ஏரியைப் பார்க்கிறது. தண்ணீர் ஏறுகிறதா என்று. வேலிக்கு வெளியே நின்று அச்சுக் கோடு தெரிகிறதா என்று தேடினேன். விலாவிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்த பழத்தை எடுத்தேன். கை பட்டாலே குழியும் அளவுக்குப் பழுத்திருந்தது. தோலைக் கிழித்து உறிஞ்சினால் கெட்டித் தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.